துன்பம் பாடமாகலாமா?

பல்கலைக்கழகங்கள் சில, கோடைக்காலத்தில் சமயக் கல்வியோடு நோயாளர்க்கு ஆன்மிகத் துணை நிற்கும் பயிற்சியையும் அளிக்கின்றன. பிறர் துன்பத்தை நம் கல்விக்குக் கருவியாக்குவது அறமாகுமா என்னும் ஐயம் நமக்கு எழுகின்றது.

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில், 1925ஆம் ஆண்டுக் கோடையில் ஆன்டன் பாய்சன் என்னும் கிறித்தவக் குரு சமயக்கல்வி மாணாக்கர் சிலரைச் சேர்த்துக்கொண்டார். அவரே 1920இல் மனநோயுற்று மருத்துவமனையில் அடைபட்டிருந்தவர். மாணாக்கரை அவர் உபதேசம் செய்ய அனுப்பவில்லை. பகலெல்லாம் நோயாளர் கூடங்களில் பணியாளராக உழைக்கச் செய்தார். ஏடுகளைக் கற்பதுபோலத் துன்புறும் மனிதரையும் கூர்ந்து கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. உழைப்பை முன்வைத்த இம்முறை நமக்கு உடன்பாடே. வெறுங் குறிப்பேட்டோடு கட்டிலருகே அமர்வது வேறு.

இவ்வினாவினின்று நம் நூல்களும் தப்ப இயலாது. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் வையாவிருத்தியத்தை அகத்தவங்கள் ஆறனுள் ஒன்றாக வைத்தார். தவமெனின், அதன் பயனாகிய வினையுதிர்ப்பு பணி செய்வார்க்கே அன்றோ? அங்ஙனமாயின் பிறர் பிணியால் நாமும் ஊதியம் பெறுகின்றோம், இதனை மறைப்பானேன்?

சல்லேகனை ஏற்ற முனிவர்க்குத் துணைநிற்போர் 48 பேர் எனப் பகவதி ஆராதனை கூறுகின்றது. உடலைத் திருப்பி அமர்த்துவோர், அறக்கதை உரைப்போர், வாயில் காப்போர் எனப் பணிகள் பகுக்கப்படுகின்றன. அத்துணையர் கிட்டாவிடின் இருவரேனும் வேண்டும் என்பது விதி. ஒருவரே ஆயின், ஒன்று அவர் தம்மைக் கைவிடுவார். அன்றேல் நோன்பிருப்பவரைக் கைவிடுவார் என அந்நூல் அஞ்சுகின்றது.