சென்ட்ரிங் பிரிக்கும் வரை

ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கான பி.எம்.பி. தேர்வில் 180 கேள்விகள், 230 நிமிடங்கள். கேள்விக்கு ஒன்றேகால் நிமிடம் சொச்சம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கேட்பதோ, அவசரப்படாத ஒருவர் இந்த இடத்தில் என்ன செய்வார் என்றுதான். நிதானத்தைக் கடிகாரம் வைத்துச் சோதிக்கிறார்கள். விடியற்காலையில் புத்தகத்தைத் திறக்கும்போது சில நாள் இதை நினைத்துச் சிரிப்பு வருகிறது.

*

கேள்வியின் முகம் பழகிவிட்டது. சப்ளையர் கைவிரித்துவிட்டார், அல்லது குழுவில் இருவருக்குள் பேச்சுவார்த்தை இல்லை. கடைசி வரி: ப்ராஜெக்ட் மேனேஜர் முதலில் செய்ய வேண்டியது என்ன? நான்கு விடைகளில் இரண்டைப் பார்த்ததுமே அடித்துவிடலாம். மிச்ச இரண்டும் செய்ய வேண்டியவைதான். எது முன்னால் என்பதில்தான் மதிப்பெண். மேலிடத்துக்குச் சொல்வதில் தப்பில்லை, விசாரிக்காமல் சொல்வதுதான் தப்பு. ஆளை மாற்றலாம், ஆனால் அவரிடம் உட்கார்ந்து பேசிய பிறகு.

சைட்டில் வளர்ந்தவனுக்கு இது சுலபத்தில் இறங்குவதில்லை. "முதல்ல வண்டிய உள்ள விடு, மத்தத அப்புறம் பேசலாம்" என்பதுதான் எங்கள் மொழி. ரெடிமிக்ஸ் லாரி டிரம்மைச் சுழற்றிக்கொண்டு வாசலில் நிற்கையில் மூலகாரணத்தை ஆராய முடியாது, கான்கிரீட் இறுகிவிடும். இந்த வேகம் நல்லதுதான், வேண்டியதுதான். லாரி இல்லாத நாளிலும் அதே வேகத்தில் இருப்பதுதான் எங்கள் வியாதி.

*

விண்ணப்பமே ஒரு பாடம். நான்கு வருடப் பட்டம் இருந்தால், கடந்த 8 வருடத்துக்குள் 36 மாதம் திட்டங்களை முன்நின்று நடத்தியிருக்க வேண்டும். 35 மணி நேரப் பயிற்சியும் வேண்டும். நடத்திய வேலைகளைச் சுருக்கமாக விவரிக்கச் சொல்கிறார்கள். எழுத உட்கார்ந்தால், எதை நான் முடிவெடுத்துச் செய்தேன், எது தன்பாட்டுக்கு நடந்தது, நான் பக்கத்தில் நின்றது மட்டும் எது என்று பிரிக்க வேண்டியிருக்கிறது. பிரித்த பிறகு ஒரு பத்தி இரண்டு வரியாகச் சுருங்குகிறது.

*

கிரிட்டிக்கல் பாத். 1957-ல் டூபாண்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து வகுத்த முறை. ஒரு வேலை முடிந்தால்தான் அடுத்தது என்று தொடுத்துக்கொண்டே போனால், எல்லாவற்றிலும் நீளமான சங்கிலி எதுவோ அதுதான் திட்டத்தின் கால அளவு. அதில் ஒரு நாள் தவறினால் மொத்தமும் ஒரு நாள் தள்ளும். மற்றவற்றுக்குக் கொஞ்சம் ஃப்ளோட், அதாவது தள்ளிப்போக இடம், உண்டு.

எங்கள் சைட்டையே கணக்காகப் போட்டுப் பார்த்தேன். தளம் போட்டாயிற்று. ஸ்பேன் 4.5 மீட்டருக்குள் என்றால் முட்டு எடுக்கக் குறைந்தது 7 நாள், அதற்கு மேல் என்றால் 14 நாள். சாதாரண போர்ட்லாண்ட் சிமென்டுக்கு ஐ.எஸ். 456 சொல்லும் அளவு இது. மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறோம். கீழே அறை முழுக்க முட்டுகள். குனிந்து வளைந்துதான் போக வேண்டும், பூச்சு வேலைக்கு இடமே இல்லை. அதே நேரத்தில் காம்பவுண்டுச் சுவரில் கொத்தனார் இருவர், சித்தாள் நால்வர், மணல், ஜல்லி, சத்தம். பார்க்கிறவர்களுக்கு அங்கேதான் வேலை நடக்கிறது. அங்கே ஆளை இரட்டித்தாலும் கிரகப்பிரவேசம் ஒரு நாள்கூட முந்தாது. நீளமான சங்கிலி, ஒருவரும் வேலை செய்யாத அந்தத் தளத்தின் வழியாகப் போகிறது. காலையும் மாலையும் பாத்தியில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்கிற வாட்ச்மேன்தான் அந்த வாரத்தில் திட்டத்தை நகர்த்துகிறவர். அவருக்கு அது தெரியாது. சொன்னால் சம்பளம் கூட்டிக் கேட்பார், கேட்கட்டும்.

*

மாற்றக் கோரிக்கை என்ற பாடத்தைப் படிக்கும்போது ஓனர் ஞாபகம். லிண்டல் மட்டம் வந்தபிறகு வாஸ்துக்காரரைக் கூட்டி வருவார். சமையலறை அக்னி மூலைக்குப் போக வேண்டும். வழக்கமாக இரண்டில் ஒன்று நடக்கும்: "செஞ்சிடலாம் சார்" என்று தலையாட்டிவிட்டுச் செலவை எங்கேயாவது ஒளிப்போம், அல்லது "முடியாது சார்" என்று முறைத்துக்கொள்வோம். தேர்வு இரண்டையும் ஏற்காது. எத்தனை சுவர் இடிபடும், பைப் லைன் எப்படித் திரும்பும், எவ்வளவு பணம், எத்தனை நாள் என்று பார்த்து, எழுதி, அவர் முன் வை, முடிவு அவருடையது. வாஸ்துவை நம்புவதா என்ற சர்ச்சைக்கே இடமில்லை.

*

பெறப்பட்ட மதிப்புக் கணக்கு. 10 லட்சத்துக்கான வேலை. இந்நேரம் 5 லட்சத்துக்கான வேலை முடிந்திருக்க வேண்டும். முடிந்தது 4 லட்சத்துக்கான வேலை. செலவானது 5 லட்சம். முடிந்ததைச் செலவால் வகுத்தால் 0.8. இதே போக்கில் போனால் மொத்தம் பன்னிரண்டரை லட்சம் ஆகும்.

ஐந்துக்கு ஐந்து செலவாகியிருக்கிறது, எல்லாம் சரி என்று நம்பிக்கொண்டிருக்க வைப்பது அந்த நடு எண் இல்லாத கணக்கு. அதைப் பெற ஒரே வழி, டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து மெஷர்மென்ட் புத்தகத்தில் எழுதுவதுதான். சொன்னது, செய்தது, செலவழித்தது: மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துச் சற்று நேரம் வேறு எதுவும் செய்யாமல் பார்க்க வேண்டியிருக்கிறது. பரிகாரம் அப்புறம்.

*

கொஞ்சம் கொஞ்சமாக முடித்துக் காட்டித் திருத்திக்கொள்ளும் அஜைல் முறைக் கேள்விகளில் தடுமாற்றம் போகவில்லை. அரைக் கட்டடத்தைக் காட்டிக் கருத்துக் கேட்டுத் திருத்திக்கொண்டே போக முடியுமா? அஸ்திவாரத்தில் முடியாது. உள் அலங்காரத்தில் முடியும், ஒரு படுக்கையறையை முதலில் முடித்துக் காட்டினால் போதும். மென்பொருள்காரர்களுக்கு எப்போதும் படுக்கையறை மட்டுமே வாய்க்கிறது என்று ஒரு பொறாமை.

*

180-ல் 5 கேள்விகளுக்கு மதிப்பெண் இல்லை, சோதனைக்காக வைப்பவை. எந்த ஐந்து என்று சொல்லமாட்டார்கள். 60-வது, 120-வது கேள்விக்குப் பிறகு பத்துப் பத்து நிமிட இடைவேளை. எழுந்து போய் வந்தால் பழைய கேள்விகளைத் திறக்க முடியாது. இதெல்லாம் எனக்குப் பிடித்திருக்கிறது.

"எவ்வளவு எடுத்தா பாஸுங்க?" என்றாள் மனைவி.

"அதையும் சொல்லமாட்டாங்க. பாஸா இல்லையான்னு ரிசல்ட் வந்த பிறகுதான் தெரியும்."

"உங்க ஓனர் மாதிரியே இருக்காங்க" என்று சொல்லிவிட்டு டீயை வைத்துவிட்டுப் போனாள்.