குரலும் சொல்லும்

ஒரு நூலைக் கண்ணால் படிப்பவருக்கும் அதன் ஆசிரியருக்கும் இடையே வேறு எவரும் இல்லை. அதே நூலைக் காதால் கேட்பவருக்கோ இடையில் மூன்றாம் ஒருவர் வந்துவிடுகிறார். நூலை எழுதியவர் அவரல்லர். எனினும் அவருடைய மூச்சும் தயக்கமும் நிறுத்தமும் நூலோடு கலந்தே நம்மை வந்தடைகின்றன. எனவே ஒலிநூல் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் ஒரு மனிதரையும் பல மணி நேரம் தம் அருகே அமர்த்திக்கொள்கிறார். அம்மனிதர் எத்தகையவராய் இருத்தல் வேண்டும்? இனிய குரல் ஒன்றே போதுமா? இது வெறும் சுவை பற்றிய கேள்வி என்றே நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். அப்படியன்று என உணர்த்தியவர் நம் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர்.

அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கண் நோயால் பார்வையை முற்றும் இழந்தவர். புதுவையில் பல குடும்பங்களுக்கு உள்ளதுபோல் அவருக்கும் பிரான்சு நாட்டில் ஒரு மகன் உண்டு. மகன் அனுப்பிய கைப்பேசியே இப்போது அவருடைய நூலகம். முதல் வெள்ளிதோறும் அவருக்கு நற்கருணை கொண்டுசெல்லும்போது, திண்ணையை அடுத்த அறையிலிருந்து யாரோ ஒருவர் கதை வாசிக்கும் ஓசை தெருவரை கேட்கும். நாம் படியேறியதும் அவர் விரலால் தடவி அதை நிறுத்துவார்.

ஒரு நாள் அவர் கேட்டுக்கொண்டிருந்தது கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. 1950-இல் தொடங்கி இதழில் வாரந்தோறும் வெளிவந்த காலத்தில், வீட்டில் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர் சூழ்ந்திருந்து கேட்ட கதை அது. இன்று அதற்கு ஒலிவடிவங்கள் பல உள்ளன. பலர் குரல் கொடுக்க, இசையும் சேர்த்து நாடகமாக ஆக்கியவை சில. ஒருவரே முதலிலிருந்து இறுதிவரை வாசிப்பவை சில. இவற்றுள் எதை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று அவரைக் கேட்டோம். அவரிடம் மூன்று சோதனைகள் இருந்தன.

"முதலில் சுவையான கட்டத்தைக் கேட்கக் கூடாது, சாமி. வாள் சண்டையை யாரும் நன்றாகப் படித்துவிடுவார்கள். ஒன்றுமே நடக்காத ஒரு பத்தியை, ஏரிக்கரையையோ சாலையையோ சொல்லும் பத்தியை எடுத்துக் கேட்கவேண்டும். அங்கே அவசரப்படுகிறவர் நமக்கு வேண்டாம்" என்றார். அடுத்த சோதனை மௌனம். ஒரு வாக்கியம் முடிந்தபின், அது கேட்பவருள் இறங்க வாசிப்பவர் இடம் விடுகிறாரா என்று பார்ப்பாராம். மூன்றாவது நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. "நந்தினி பேசும் இடத்தைக் கேட்பேன். அவளைப் பாம்புபோல் சீற வைக்கிறவர், கல்கி தீர்ப்புச் சொல்லும் முன்னமே தாம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவள் பக்கத்து நியாயத்தை அவள் வாயாலேயே நம்பும்படி சொல்லவிடுகிறவரே வாசிக்கத் தெரிந்தவர்."

பிறரைத் தீர்ப்பிடாதிருத்தல் என்னும் அறத்தை நாம் மறையுரைகளில் எத்தனையோ முறை எடுத்துரைத்திருக்கிறோம். அது ஒருவர் கதை வாசிக்கும் தொனியிலும் அடங்கியிருக்கிறது என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. தனியொருவராய் ஒரு நாவலை வாசிப்பவர் வஞ்சகனுக்கும் வஞ்சிக்கப்பட்டவனுக்கும் ஒரே தொண்டையைத் தரவேண்டும். எவரையும் எள்ளாமல், எவருக்கும் பரிந்து பேசாமல், ஒவ்வொருவரையும் அவரவர் இடத்தில் நிறுத்திப் பேசவிட வேண்டும். அதற்குக் குரல்வளம் மட்டும் போதாது, நீதியுணர்வும் வேண்டும்.

அன்று விடைபெறும் வேளையில் அவர் சற்றுத் தயங்கினார். "தவறாக எண்ணக் கூடாது, சாமி. குருத்து ஞாயிறன்று திருப்பாடுகளின் வரலாற்றில் ஆண்டவர் பேசும் பகுதியை நீங்கள் வாசித்தீர்கள். கெத்சமனியில் துன்பக் கிண்ணம் அகலவேண்டும் என்று அவர் மன்றாடுகிறாரே, அந்த இடத்தில், அது அகலாது என்று உங்கள் குரலுக்கு முன்பே தெரிந்திருந்தது."

நாம் பதில் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை.

செவிக்குரிய கடமை

உரக்க வாசித்துக் கேட்பது நம் மரபுக்குப் புதிதன்று. திருவள்ளுவர் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்துக் கேள்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். கல்லாதவரும் கேட்டேனும் அறிக என்பது அவர் அறிவுரை. புலவர்தம் நூல்கள் அவையில் அரங்கேறிய பின்னரே உலகில் உலவின. புதுவையைச் சூழ்ந்த ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவின்போது பாரதம் படிக்கக் கேட்டு வளர்ந்தவர் பலர்.

திருவிவிலியத்திலும் அவ்வாறே. எஸ்ரா திருச்சட்ட நூலை விடியல் தொடங்கி நண்பகல் வரை மக்கள்முன் வாசித்ததையும், பொருள் விளங்குமாறு அது தெளிவாக வாசிக்கப்பட்டதையும் நெகேமியா நூல் கூறுகிறது. எத்தியோப்பிய அரச அலுவலர் தேரில் எசாயாவை உரக்க வாசித்துக்கொண்டு சென்றதால்தான் பிலிப்பு அதைக் கேட்டு அருகே செல்ல முடிந்தது. அம்புரோசியார் ஓசையின்றிக் கண்ணால் மட்டும் படித்ததைக் கண்டு வியந்த அகுஸ்தீனார், அதைத் தம் 'ஒப்புதல்கள்' நூலில் குறித்து வைத்தார்.

இன்றைய ஒலிநூலின் வரலாறோ பார்வையற்றோரிடமிருந்து தொடங்குகிறது. 1877-இல் ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கிய எடிசன், மறு ஆண்டே அதன் பயன்களைப் பட்டியலிட்டபோது, பார்வையற்றோருக்குத் தாமே பேசும் நூல்களையும் அதில் சேர்த்தார். எனினும் முழு நூல்கள் இசைத்தட்டில் ஏற 1930-கள் வரை காத்திருக்க நேர்ந்தது. அமெரிக்காவில் 1934-இலும் இங்கிலாந்தில் 1935-இலும் 'பேசும் நூல்கள்' பார்வையற்றோரைச் சென்றடைந்தன. முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களின் தேவையே அம்முயற்சிக்குப் பெரிதும் உந்துதலாயிற்று. பயணத்திலும் சமையலறையிலும் நாம் பொழுதுபோக்காகக் கேட்கும் ஒலிநூல், துன்புற்றவர்களின் தேவையிலிருந்து நமக்குக் கிடைத்த கொடை என்பதை மறத்தல் ஆகாது.

இன்பம் குற்றமா?

இனி ஒரு ஐயம் எழும். நூலின் பயனை நோக்காமல், கேட்க இனிதாய் இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது சரிதானா? அகுஸ்தீனாரை இக்கேள்வி வாட்டியது. 'ஒப்புதல்கள்' நூலின் பத்தாம் பகுதியில், பாடப்படும் பொருளைவிடப் பாட்டின் இனிமையே தம்மை அதிகம் அசைத்துவிடும் வேளைகளில் தாம் தவறிழைப்பதாக அவர் வருந்துகிறார். ஆயினும் திருச்சபையில் பாடலே கூடாது என அவர் முடிவு செய்யவில்லை. அவ்வினிமை தம்மை மனமாற்றத்தின் நாள்களில் எங்கே இட்டுச்சென்றது என்பதை அவர் மறக்கவில்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிசு 2024-இல் இலக்கிய வாசிப்பைக் குறித்து எழுதிய மடலும் இங்கு நினைக்கத்தக்கது. இளமையில் இலக்கிய ஆசிரியராய் இருந்தபோது, மாணவர்கள் தாங்கள் விரும்பியதைப் படிக்கத் தாம் இடம்கொடுத்ததை அவர் அதில் நினைவுகூர்கிறார். கடமைக்காகப் படிப்பது பயன் தராது என்பதும், இலக்கியம் என்பது பிறர் ஒருவரின் குரலைக் கேட்பது என்பதும் அவர் வலியுறுத்தியவை. ஆக, இன்பம் குற்றமன்று, அது வாயில். குரல் சொல்லை மறைத்துக்கொண்டு தானே முன்வந்து நிற்கும்போதுதான் குற்றம் பிறக்கிறது.

புனித ஆசீர்வாதப்பர் இதை நன்கு அறிந்திருந்தார். ஆறாம் நூற்றாண்டில் துறவிகளுக்கு அவர் வகுத்த ஒழுங்கின் 38-ஆம் இயல் உணவறை வாசிப்பைப் பற்றியது. கைக்குக் கிடைத்த எவரும் நூலை எடுத்து வாசித்துவிடக் கூடாது. கேட்போருக்குப் பயன் விளைவிக்க வல்லவரே வாசிக்கவேண்டும். அதுவும் வரிசைமுறைப்படி அன்று என்கிறார். வாரப் பணியைத் தொடங்கும் வாசகர் செருக்கினின்று காக்கப்படுமாறு அனைவரும் மன்றாடவேண்டும் என்றும் பணிக்கிறார். நல்ல குரலுக்கு நேரக்கூடிய சோதனை எதுவென அவருக்குத் தெரியும். நம் குருமட நாள்களிலும் உணவறை வாசிப்பு இருந்தது. நமக்கு முறை வந்தபோதெல்லாம், சோறு ஆறுமுன் பக்கத்தை முடித்துவிட வேண்டும் என்பதே நம் எண்ணமாய் இருந்தது. ஆசிரியர் ஐயா கண்டுபிடித்த குறை அன்றே வேர்விட்டிருக்க வேண்டும்.

இந்நாளில் கணினியே எழுத்தை வாசிக்கிறது. அச்செயற்கைக் குரலை இகழ்வது முறையன்று. பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் நூல்களை ஆக்கிப் பகிர வழிசெய்யும் மராக்கேசு உடன்படிக்கையை 2014-இல் உலக நாடுகளுள் முதலாவதாக உறுதிசெய்தது நம் இந்தியா. எனினும் மனிதக் குரல் தொடாத தமிழ் நூல்கள் எண்ணற்றவை. அவற்றைக் கேட்க நம் ஆசிரியருக்கும் கணினியே துணை. "செய்தித்தாளுக்கு அது போதும், சாமி. ஆனால் அதற்கு எதுவும் வியப்பாயில்லை" என்றார். இயந்திரம் மனிதரைப்போல் வாசிக்கக் கற்றுவருகிறது. பீடத்தில் நிற்கும் நாமோ பழக்கத்தால் இயந்திரம்போல் வாசிக்கக் கற்றுவிட்டோம்.

முடிவு தெரிந்த கதையை முடிவு தெரியாதவர்போல் வாசிப்பது நடிப்பாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். ஆகாது. ஆண்டவர் உண்மையாகவே மனிதரானார் என்று நாம் நம்பினால், அத்தோட்டத்தில் அவர் பட்ட அச்சமும் உண்மையே. உயிர்ப்பை அறிந்த நாம் அந்த அறிவைக் கொண்டு அவருடைய வியர்வையைத் துடைத்துவிட உரிமை பெற்றவரல்லர். அவ்வாறே, ஏமாற்றப்படப்போகும் ஒரு கதைமாந்தரின் நம்பிக்கையை நம்பிக்கையாகவே வாசிப்பவர்தாம் அவருக்கு நீதி செய்கிறார். வாசிப்பவரிடம் இந்த நேர்மை உண்டா என்று பார்ப்பதே ஒலிநூலைத் தேர்ந்தெடுக்கும் வழி.

திருமுழுக்கு யோவானைக் குரல் என்றும் கிறிஸ்துவைச் சொல் என்றும் பிரித்துக் காட்டினார் அகுஸ்தீனார். குரல் ஒலித்து மறைகிறது. சொல் கேட்டவர் உள்ளத்தில் தங்குகிறது. யோவானின் பெருமை அவர் மறையச் சம்மதித்ததில் இருக்கிறது.

இப்போது சனிக்கிழமை இரவுகளில், மறுநாளைய நற்செய்தியை ஆளில்லாக் கோவிலில் உரக்க வாசித்துப் பார்க்கிறோம். பழைய பழக்கம் இன்னும் முற்றும் போகவில்லை. சென்ற முதல் வெள்ளியன்று நற்கருணை வழங்கியபின், ஆசிரியரின் அலமாரியிலிருந்த பழைய நாவல் ஒன்றை எடுத்து ஒரு பக்கம் வாசித்தோம். அவர் கண்களை மூடியவாறு கேட்டிருந்தார். பக்கம் முடிந்தது. நம் வாசிப்பைப் பற்றி ஏதேனும் சொல்வார் என்று காத்திருந்தோம்.

"அடுத்த பக்கம், சாமி" என்றார்.