அளவறியும் கை

ஆற்றலைப் பெறுவதே பெருமை என்று உலகம் கருதுகிறது. பெற்ற ஆற்றலை உரிய இடத்தில் நிறுத்தத் தெரிவதும் பெருமையே என்பதை அது எளிதில் மறந்துவிடுகிறது. வேண்டும் என்று கேட்கும் குரல்கள் பல. போதும் என்று சொல்லும் குரல் அரிது. ‘போதும்’ என்னும் சொல் எப்பொழுது அறமாகிறது? அச்சத்தால் சொல்லப்படும்போதா? கட்டாயத்தால் சொல்லப்படும்போதா? அன்றி, உணர்ந்த உள்ளத்திலிருந்து பிறக்கும்போதா? இவ்வினாவுக்கு விடை காணப் பெருநூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. சன்னல் கழுவும் தொழிலாளி ஒருவரின் கையருகே இருக்கும் சிறு வால்வு ஒன்றே அதற்குப் போதிய பாடமாக அமைகிறது.

பிரிட்டனில் வீடு வீடாகச் சென்று சன்னல்களைத் துப்புரவு செய்வது நெடுங்காலமாக நிலவி வரும் தொழில். ஏணி ஒன்று, வாளி ஒன்று, நீரை வழித்தெடுக்கும் ரப்பர் பட்டை ஒன்று. இவையே அத்தொழிலாளரின் கருவிகளாக இருந்தன. ஏணி வழுக்கினால் வாழ்வே வழுக்கியது. உயரத்தில் செய்யும் வேலையைத் தவிர்க்க இயலுமாயின் முதலில் அதனைத் தவிர்க்க வேண்டும் என்னும் நெறியை, 2005ஆம் ஆண்டில் அந்நாட்டில் நடப்புக்கு வந்த உயரப்பணி விதிகள் வகுத்தன. அதற்கு முன்பே அறிமுகமாகியிருந்த நீள்கோல், அவ்விதிகளுக்குப் பின்னர் மேலும் பரவியது. கண்ணாடி இழையாலோ கார்பன் இழையாலோ செய்யப்பட்டு, ஒன்றனுள் ஒன்று அடங்கி நீளும் கோல் அது. அதன் நுனியில் ஒரு தூரிகை. தூரிகையில் நீரைப் பீச்சும் சிறு துளைகள். அத்துளைகளுக்கு நீரைக் கொண்டு செல்லும் மெல்லிய குழாய். தொழிலாளி தரையில் நின்றபடியே மாடிச் சன்னல்களைத் தேய்த்துக் கழுவி முடிக்கிறார்.

இம்முறையில் கழுவிய கண்ணாடியை எவரும் துணியால் துடைப்பதில்லை. நீர் தானே உலர்கிறது. கறை எதுவும் எஞ்சுவதில்லை. அந்நீரின் தூய்மையே இதற்குக் காரணம். குழாயில் வரும் இயல்பான நீரில் சுண்ணமும் பிற உப்புகளும் கரைந்துள்ளன. நீர் ஆவியாகும்போது அவை வெண்புள்ளிகளாகக் கண்ணாடியில் தங்கிவிடுகின்றன. ஆகவே, நீரை அழுத்தத்துடன் நுண்ணிய சவ்வின் வழியே செலுத்தி, எஞ்சியிருக்கும் உப்பையும் பிசின் மணிகள் நிறைந்த கலனில் நீக்கி, ஏறத்தாழ உப்பே இல்லாத நீராக மாற்றுகின்றனர். இத்தூய்மை விலையின்றிக் கிடைப்பதன்று. சவ்வைக் கடந்து ஒரு பங்கு தூயநீர் வரும்போது, மற்றொரு பங்கோ அதற்கு மேலோ உப்பு மிகுந்த நீராகக் கழிந்து செல்வது வழக்கம். தொழிலாளியின் வண்டியிலுள்ள தொட்டியில் நிறைந்திருக்கும் நீர் முன்பே ஓர் இழப்பைத் தாங்கிக்கொண்டு வந்த நீர்.

அந்த நீரை ஆளுவதற்கு இருவகை ஏற்பாடுகள் உள்ளன. வண்டியில் பம்புடன் இணைந்த மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி, நிமிடத்திற்கு எவ்வளவு நீர் செல்ல வேண்டும் என்பதை வரையறுக்கிறது. பெரும்பாலும் 1 லிட்டர் முதல் 2 லிட்டர் வரையே தேவைப்படும். மற்றொன்று, கோலின் அடியில் கைக்கு எட்டும் தொலைவில் அமைந்த வால்வு. இது பெரும்பாலும் பந்து வால்வாக இருக்கும். நடுவே துளையுள்ள சிறு உருண்டை ஒன்று அதனுள் இருக்கிறது. கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் துளை குழாயுடன் நேராகி வழிவிடும். மீண்டும் திருப்பினால் வழி அடைபடும். வழி அடைபட்டதும் குழாயினுள் அழுத்தம் உயர்கிறது. அதனை உணர்ந்து பம்பு தானே நின்றுவிடுகிறது. வால்வைத் திறந்தால் மீண்டும் இயங்கத் தொடங்குகிறது.

பந்து வால்வு திறப்பதற்கும் மூடுவதற்கும் மிக ஏற்றது. ஓட்டத்தை நுணுக்கமாகக் கூட்டவும் குறைக்கவும் அஃது அத்துணைப் பொருந்துவதில்லை. அப்பணிக்கு ஊசி போன்ற முனையுள்ள வேறு வகை வால்வு உண்டு. மாந்தர் ஒழுக்கத்திலும் இவ்விருவகைக் கட்டுப்பாடுகள் காணப்படுகின்றன. களவு, பொய்ச்சான்று போன்றவற்றில் அளவு என்னும் பேச்சுக்கே இடமில்லை. வழியை முற்றிலும் அடைத்துவிட வேண்டும். சினம், ஈகை, உணவு, பேச்சு, கண்டிப்பு ஆகியவற்றிலோ திறப்பதும் பிழையன்று, மூடுவதும் பிழையன்று. எவ்வளவு என்பதே வினா. முற்றிலும் அடைக்க வேண்டியதை அளவாகத் திறந்து வைப்பவன் தீயவனாகிறான். அளவாகத் திறக்க வேண்டியதை முற்றிலும் அடைப்பவன் கல்லாகிறான். எது எவ்வகையைச் சார்ந்தது என்று அறிவதே அறிவு.

இனி, அத்தொழிலாளி ஒரு சன்னலை முடித்து அடுத்த சன்னலுக்கு நடந்து செல்லும் பொழுதை எண்ணிப் பார்க்கலாம். அந்நடைக்கு 20 நொடிகள் ஆகும் என்றும், நீர் நிமிடத்திற்கு ஒன்றரை லிட்டர் ஓடுகிறது என்றும் கொள்வோமாயின், வால்வைத் திறந்தபடியே நடந்தால் அரை லிட்டர் நீர் தரையில் விழும். 30 முறை அவ்வாறு நடந்தால் 15 லிட்டர். அத்தூயநீரைப் பெறுவதற்காகக் கழிந்த நீரையும் சேர்த்தால் 30 லிட்டரோ அதற்கு மேலோ ஆகும். ஒரு நாளில் ஒரு கையில் நிகழும் இழப்பு இது. நாடெங்கும் எத்தனை கைகள், எத்தனை நாள்கள்!

ஆனால், இந்த இழப்பை யார் காண்கின்றனர்? வீட்டுக்காரர் வேலைக்குச் சென்றிருப்பார். தெருவில் போவோர் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்ப்பார்களேயன்றிக் குனிந்து தரையைப் பார்ப்பதில்லை. சன்னல் தூய்மையாக இருந்தால் கூலி கிடைத்துவிடும். வால்வை மூடியதற்காக ஒருவரும் பாராட்டப் போவதில்லை. மூடாமைக்காக ஒருவரும் ஒறுக்கப் போவதில்லை. அறம் என்பது பிறர் கண்ணுக்கு அஞ்சிச் செய்யப்படும் ஒன்றாயின், அவ்விடத்தில் அதற்கு வேலையே இல்லை. இருப்பினும் ஒரு கை தானே கீழிறங்கிக் கைப்பிடியைத் திருப்புகிறது. காண்பார் இல்லாத இடத்தில் செய்யப்படும் அச்சிறு செயலே அம்மனிதரின் உண்மையான அளவுகோலாகும்.

சட்டம் இவ்விடத்தில் முழுமையாகத் துணை வருவதில்லை. வறட்சிக் காலங்களில் வீட்டுச் சன்னல்களையும் சுவர்களையும் குழாய் கொண்டு கழுவுவதைத் தடை செய்யும் உரிமையை, இங்கிலாந்தின் நீர் நிறுவனங்களுக்கு 2010ஆம் ஆண்டின் வெள்ள, நீர் மேலாண்மைச் சட்டம் வழங்கியுள்ளது. அத்தகைய தடை நிலவும்போதும், பிழைப்புக்காகத் தொழில் செய்வோருக்கு விலக்கு அளிக்கப்படுவதுண்டு. இது நேர்மையான விலக்கே. ஏழையின் உலையை அணைத்து நீரைச் சேமிப்பது நீதியாகாது. ஆயினும், சட்டம் விலகி நிற்கும் இடத்தில் பொறுப்பும் விலகிவிடுவதில்லை. கேட்பார் இல்லாத உரிமையை எவ்வாறு பயன்படுத்துவது என்னும் வினா அங்கேதான் தொடங்குகிறது. இன்னொன்றும் உண்டு. அந்நாட்டின் கடுங்குளிரில் நடைபாதையில் சிந்திய நீர் உறைந்து பனிக்கட்டியாகிறது. மூடப்படாத வால்வு சிந்திய நீரில் மறுநாள் காலை முதியவர் ஒருவர் வழுக்கி விழக்கூடும். அவருக்கும் அந்தத் தொழிலாளிக்கும் அறிமுகமே இல்லை. அறிமுகமில்லாத ஒருவரின் எலும்பு முறியாமல் காப்பது அந்தக் கால் சுற்றுத் திருப்பம்.

ஈண்டு ஒரு தடை எழலாம். ‘இத்தனை பேச்சு எதற்கு? குழாயைச் சற்று இழுத்தால் நிற்கவும் மீண்டும் இழுத்தால் ஓடவும் செய்யும் வால்வுகள் வந்துவிட்டன. நாளை கோல் சன்னலை விட்டு விலகியதும் தானே அடைத்துக்கொள்ளும் கருவியும் வரலாம். அப்பொழுது மிச்சமாகும் நீர் இப்பொழுது மிச்சமாகும் நீரினும் குறைந்ததா?’ என்று கேட்கலாம். குறைந்ததன்று. நீரை மட்டும் நோக்கினால் பொறியின் கட்டுப்பாடும் கையின் கட்டுப்பாடும் ஒன்றே. அப்பொறியை இகழ்வது பேதைமை. களைத்த கைக்கு அது துணை. மறதிக்கு அது மருந்து. ஆனால், மனிதரை நோக்கினால் வேறுபாடு புலப்படும். பொறி நிறுத்தும்போது நீர் நிற்கிறது, அவ்வளவே. கை நிறுத்தும்போது நீரும் நிற்கிறது, ஒரு மனிதரும் வளர்கிறார்.

அன்றியும், அளவை முன்கூட்டியே முற்றிலும் வகுத்துவிட முடியாது. சில கண்ணாடிகளில் நீர் படலமாகப் பரவி வழிகிறது. அங்கே சிறிது நீரே போதும். வேறு சிலவற்றில் நீர் முத்துமுத்தாகத் திரண்டு நிற்கிறது. அங்கே பொறுமையாக அலசாவிடில் புள்ளிகள் தங்கிவிடும். நெடுநாள் அழுக்கேறிய சட்டத்திலிருந்து கரிய நீர் வழிந்துகொண்டே இருக்கும். அது தெளியும் வரை நீர் வேண்டும். வண்டியிலுள்ள கருவி இவற்றைக் காண்பதில்லை. அண்ணாந்து நோக்கும் கண்ணும் கோலைப் பிடித்த கையுமே காண்கின்றன. எனவே, அளவை அறியும் இடம் பணி நடக்கும் இடமே.

இதனை மறந்த கட்டுப்பாடு கொடுமையாக மாறும். செலவைக் குறைக்க விரும்பும் முதலாளி, பம்பின் ஓட்டத்தைத் தேவைக்கும் கீழாகக் குறைத்து வைத்துவிட்டால், தொழிலாளி எவ்வளவு தேய்த்தாலும் அழுக்கு முழுமையாக வழியாது. கண்ணாடி உலர்ந்ததும் கறை தோன்றும். பழி யாரைச் சேரும்? கோலைப் பிடித்தவரையே சேரும். வீணாக்குதல் ஒரு குற்றமாயின், வேண்டிய அளவு கொடாமையும் குற்றமே. சிக்கனம் என்னும் பெயரால் பிறர் உழைப்பை வறளச் செய்பவர் நீரைக் காக்கவில்லை. தம் பணத்தையே காக்கிறார். தம் கையால் தமக்கே ‘போதும்’ என்று சொல்வது அடக்கம். பிறருக்குத் தேவை தீராத இடத்தில் அவருக்காகத் தாம் ‘போதும்’ என்று சொல்வது அடக்குமுறை. சொல் ஒன்றே, சொல்பவர் நிற்கும் இடம் வேறு.

சிங்கப்பூர், மலேசியத் தமிழருக்கு இவ்வுண்மை தொலைவில் உள்ளதன்று. சிங்கப்பூரில் 2003ஆம் ஆண்டில் அறிமுகமான ‘நியூவாட்டர்’, பயன்படுத்திய நீரை இத்தகைய நுண்சவ்வுகளின் வழியே செலுத்தித் தூய்மையாக்கி மீட்பதேயாகும். ஜோகூரிலிருந்து நீர் பெறும் 1962ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 2061ஆம் ஆண்டு வரை நீடிக்கிறது. ஒரு துளியின் பின்னால் எத்தனை உழைப்பும் எத்தனை உடன்பாடும் உள்ளன என்பதை அறிந்த மண் இது.

அம்மண்ணில் சன்னலைப் பற்றிய துயரமும் உண்டு. உயரமான குடியிருப்புகளின் சன்னல்களை வெளிப்புறம் துடைக்க முயன்ற பணிப்பெண்கள் சிலர் 2012ஆம் ஆண்டில் விழுந்து உயிரிழந்தனர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மனிதவள அமைச்சு விதியை வகுத்தது. கம்பிச்சட்டம் பூட்டப்பட்டிருந்து, முதலாளியோ பொறுப்புள்ள பெரியவர் ஒருவரோ உடனிருந்து மேற்பார்த்தாலன்றி, அத்தகைய சன்னல்களின் வெளிப்புறத்தைத் துடைக்கப் பணிப்பெண்களை ஏவலாகாது என்றது. அன்று அந்தச் சன்னலோரத்தில் நின்றவர்களுக்கு இல்லாதிருந்தது எது? ‘இதற்கு மேல் எட்ட இயலாது, போதும்’ என்று அஞ்சாமல் சொல்லும் உரிமையே. கண்ணாடியின் ஒரு மூலையில் அழுக்கு எஞ்சியிருந்தால் உலகம் அழிந்துவிடாது. அதனைச் சொல்ல இயலாத இடத்தில் ஓர் உயிர் அழிந்தது.

ஆகவே, முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை கிடைத்துவிடுகிறது. ‘போதும்’ என்னும் சொல் அறமாவதற்கு இரண்டு வேண்டும்: தேவையை அறியும் அறிவு, அதனைச் சொல்லும் உரிமை. அறிவின்றி மூடும் கை கஞ்சத்தனத்தின் கை. உரிமையின்றி மூடும் கை அடிமையின் கை. அறிவும் உரிமையும் உடைய கை மூடும்போதே அங்கு அறம் பிறக்கிறது. மற்றவரிடம் அடக்கத்தை எதிர்பார்ப்பவர், முதலில் அவர் கையில் வால்வைக் கொடுத்திருக்கிறாரா என்று தம்மையே வினவிக்கொள்ள வேண்டும்.

வகுப்பறைக்கும் இது பொருந்தும். மாணவர் பேசக்கூடாது என்று வாயைப் பூட்டிவைக்கும் ஆசிரியர் அமைதியைப் பெறலாம், அடக்கத்தைப் பெறமாட்டார். எப்பொழுது பேசுவது, எவ்வளவு பேசுவது என்பதை மாணவரே அறிந்து நிறுத்தப் பழக்குபவர் சில நாள் இரைச்சலைப் பொறுக்க நேரும். ஆனால், ஆசிரியர் இல்லாத வேளையிலும் அவ்வகுப்பு நிலைகுலையாது.

மாலைப் பொழுதில் தெருவின் கடைசி வீட்டை முடித்துக்கொண்டு அத்தொழிலாளி கோலைச் சுருக்குகிறார். சன்னல்கள் அந்தி ஒளியில் மின்னுகின்றன. அவற்றைக் காண்போர் அவர் செலவழித்த நீரின் பயனைக் காண்கின்றனர். அவர் செலவழிக்காத நீர் எவர் கண்ணிலும் படுவதில்லை. அது தொட்டியின் அடியில் அமைதியாக நாளைய சன்னலுக்காகக் காத்திருக்கிறது.