கண்டால் போதுமா?

குறுவைக்குத் தண்ணீர் எதிர்பார்க்கும் நாள்களில், தஞ்சைத் தரணியில் விடிந்ததும் நாம் கேட்கும் முதற்கேள்வி, "மேட்டூரில் எத்தனை அடி?" என்பதே. நீர்மட்டம் 120 அடியைத் தொட்டுவிட்டது என்று செய்தி வந்தால் உள்ளம் குளிர்கிறது. ஆயினும் கடைமடை உழவர் ஓர் உண்மையை அறிவார்: அளவுகோல் காட்டும் எண் வயலை நனைப்பதில்லை. மதகைத் திறக்க ஒருவர் வேண்டும். வாய்க்கால் அடைப்பை நீக்க ஒருவர் வேண்டும்.

இவ்வெளிய உண்மையை இன்றைய மருத்துவமனைகளுக்குப் பொருத்திப் பார்க்க விழைகிறோம். மார்பில் ஒட்டும் சிறு பட்டையும் மணிக்கட்டில் அணியும் கருவியும் நோயாளியின் இதயத் துடிப்பு, மூச்சின் வேகம், உடல் வெப்பம் போன்றவற்றை இடைவிடாது அளந்து, செவிலியர் அறையின் திரைக்கோ மருத்துவரின் கைப்பேசிக்கோ அனுப்புகின்றன. நோயாளி வீடு திரும்பிய பின்னும் இக்கண்காணிப்பைத் தொடர முடியும். இவ்வாறு தொலைவிலிருந்து பார்க்கப்படுபவர் உண்மையில் கவனிக்கப்படுகிறாரா என்பதே நம்முன் உள்ள வினா.

கருவிகளைப் பழிப்பது நம் நோக்கமன்று. இரவுப் பணியில் பல படுக்கைகளுக்குப் பொறுப்பேற்ற ஒரு செவிலியர், ஒருவரின் அருகில் இருக்கும்போது மற்றவரைக் காண இயலாது. உடல்நிலை சீர்கெடுவதற்குச் சில மணி நேரம் முன்பே மூச்சிலும் நாடியிலும் மாற்றம் தோன்றுவதுண்டு. அதை உரிய வேளையில் உணர்த்தும் கருவி உயிர்காக்கும் துணையே. ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி 1974இல் முன்வைத்த கண்டுபிடிப்பின் வழிவந்தது பல்ஸ் ஆக்சிமீட்டர். 2020, 2021 ஆகிய கொரோனா ஆண்டுகளில் அது நம் இல்லங்களுக்குள்ளும் நுழைந்தது. மூச்சுத்திணறலை உணராதவரிடமும் ஆக்சிஜன் குறைவதைக் காட்டிற்று.

ஆனால் கருவியின் பார்வைக்கும் குறையுண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இக்கருவி காட்டத் தவறிய ஆக்சிஜன் குறைவு, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதி என்பது அதில் தெரியவந்தது. கருநிறத் தோலுடைய நம்மவருக்கு இது அயலார் செய்தியன்று. எண் சரியாக உள்ளது என்று திரை சொன்னாலும், "எனக்கு என்னவோ செய்கிறது" என்று நோயாளி சொன்னால் அதற்குச் செவிசாய்ப்பதே முறை.

மற்றொரு குறை மனிதரைச் சார்ந்தது. ஓயாமல் ஒலிக்கும் எச்சரிக்கை மணி, நாளடைவில் காதில் விழுந்தும் விழாததாகிவிடும். அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டு ஆணையம் 2013இல் ஓர் எச்சரிக்கை விடுத்தது. 2009 முதல் 2012 ஜூன் வரை, எச்சரிக்கை ஒலிகள் தொடர்பாகத் தன்னிடம் வந்த 98 நிகழ்வுகளில் 80 இறப்பில் முடிந்தன என்று அது தெரிவித்தது. இதனைச் செவிலியரின் கல்நெஞ்சம் என்று சொல்லிவிட முடியாது. அவ்வொலிகளில் மிகப் பெரும்பான்மை உடனடிச் சிகிச்சை தேவைப்படாதவை. அவற்றைப் பிரித்தறிய ஆட்களும் ஓய்வும் அளிக்காமல், கருவிகளை மட்டும் பெருக்கும் நிர்வாகமே முதலில் பதில் சொல்ல வேண்டும்.

நல்ல சமாரியர் உவமை இங்கே நம் நினைவுக்கு வருகிறது. சாலையில் அடிபட்டுக் கிடந்தவரைக் குருவும் கண்டார், லேவியரும் கண்டார். அவர்கள் கண்ணில் குறையில்லை. கண்ட பின்னும் விலகிச் சென்றதே குறை. சமாரியர் மட்டுமே அருகில் சென்றார். கருவி நமக்குக் காட்சியைத் தருகிறது; அதோடு, "எங்களுக்குத் தெரியாது" என்ற சாக்கை நம்மிடமிருந்து பறித்தும் விடுகிறது. திரையில் எண் மாறிய நொடியே கடமை பிறந்துவிடுகிறது. ஆகவே இத்தனை பேரைக் காண முடியும் என்று மகிழும் மருத்துவமனை, இத்தனை பேரின் அருகில் செல்ல நம்மிடம் ஆள் உண்டா என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கருவியும் காலடியும் இணைந்து செல்ல முடியாதவை அல்ல. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளக்கும் கருவிகளோடு வீடு வீடாகச் செல்கின்றனர். அங்கே எண்ணோடு ஒரு முகமும் வருகிறது. மாத்திரை தீர்ந்ததா, சாப்பிட்டீர்களா என்று கேட்க ஒரு குரலும் வருகிறது.

இக்கேள்வி மருத்துவமனைகளை மட்டும் சார்ந்ததன்று. நம் ஊர்களில் பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்க, முதிய பெற்றோர் தனித்திருக்கும் வீடுகள் பல. தாயின் கையில் கட்டிய கடிகாரம் அவரது நாடித்துடிப்பை மகனின் கைப்பேசிக்குச் சொல்லலாம். ஆனால் நள்ளிரவில் அந்த எண் தடுமாறினால் கதவைத் தட்டப்போவது அடுத்த வீட்டார்தாம், அதாவது நாம்தாம். எண் வந்ததா என்று கேட்கும்போதே, யார் போனார்கள் என்றும் கேட்கப் பழகுவோம்.