உபகாரமா, பங்கா?

ஒருவர்க்கொருவர் உதவி செய்தல் நன்று என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயினும், உதவி என்னும் அவ்வொரு சொல்லுக்குள் வேறுபட்ட இரண்டு பொருள்கள் அடங்கியிருப்பதை நம்மவரிற் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. மேலிருப்பவன் மனமிரங்கிக் கீழிருப்பவனுக்கு அளிப்பது ஒன்று; பலர் கூடிச் சேர்த்த பொதுப் பொருளிலிருந்து தேவையுடையவன் தனக்குரியதைப் பெற்றுக்கொள்வது மற்றொன்று. முன்னதை உபகாரம் என்போம். பின்னதைப் பங்கு என்போம். இரண்டினாலும் பசி தீரும். பிள்ளை பள்ளிக்குப் போகும். நோயாளிக்கு மருந்து கிடைக்கும். அங்ஙனமாயின் எதுவாயிருந்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். வேறுபாடு உண்டு, அதுவும் சிறிதன்று என்பதே நமது கருத்து.

முதற்கண் தோட்டப்புறத்தை நோக்குவோம். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் நம் மக்களுக்கு வேண்டியவை யாவும் தோட்டத்து எல்லைக்குள்ளேயே இருந்தன. குடியிருக்க லயம், கைக்குழந்தையை விட்டுச் செல்ல ஆயாக்கொட்டகை, காய்ச்சல் கண்டால் தோட்டத்து ஆஸ்பத்திரி, எழுத்தறியச் சிறு பள்ளி, கும்பிட ஒரு கோயில். இவையெல்லாம் துரையின் கருணை என்று சொன்னவர் பலர். அவ்வாறே நம்பியவரும் பலர். உண்மை யாது? ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தார் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் விதித்தது. அப்பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் செலவான காசு எங்கிருந்து வந்தது? விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, பின் மரத்துக்கு மரம் ஓடிப் பால் வெட்டியவனுடைய உழைப்பிலிருந்தே வந்தது. அவன் பெற்றது தன் பங்கு. ஆனால் இரந்து பெற்றவனைப் போல் தலை குனிந்து பெற்றான்.

இவ்வெண்ணத்தின் தீமை பின்னரே வெளிப்பட்டது. 1950களில் ஐரோப்பியக் கம்பெனிகள் பல தம் தோட்டங்களை விற்கத் தலைப்பட்டன. வாங்கினோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடியும் விற்றனர். தோட்டம் துண்டானபோது வேலை போயிற்று. வேலையோடு வீடும் போயிற்று. வீட்டோடு பள்ளியும் அண்டை அயலும் போயின. பிற்காலத்தில் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் தோட்டங்கள் கைமாறியபொழுதும் இதுவே நிகழ்ந்தது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த லயத்தில் ஒரு பலகையேனும் தொழிலாளிக்குச் சொந்தமாயிருக்கவில்லை. கொடுத்தவன் எடுத்துக்கொண்டான். உபகாரம் கொடுப்பவன் மனத்தைப் பற்றி நிற்பது. அவன் மனம் மாறினால், அன்றி அவன் கணக்கு மாறினால், அது விழுந்துவிடும். பெற்றவன் ஏன் என்று கேட்க வழியில்லை.

இத்துன்பத்தின் நடுவே எழுந்த ஒரு முயற்சியை இங்கு நினைவுகூர்தல் தகும். 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பங்கின் விலை நூறு வெள்ளி. தொழிலாளி அதனை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம். அவ்வாறு சேர்ந்த பணத்தைக்கொண்டு மறு ஆண்டே கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அச்சங்கத்தின் நிர்வாகத்தைப் புகழ்வதோ இகழ்வதோ இங்கு நமது நோக்கமன்று. அதன் அடிப்படையையே நாம் கவனிக்கிறோம். பால் வெட்டும் கைகளே தோட்டத்தை வாங்கின. பங்குப் பத்திரம் உடையவன் பொதுக்கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கலாம். நிர்வாகிகள் பிழை செய்தால் மறு தேர்தலில் மாற்றலாம். நன்றி சொல்லக் கடமைப்பட்டவனோ கணக்குக் கேட்க நாணுவான். கணக்குக் கேட்கும் உரிமையே பங்கின் உயிர் எனலாம்.

இங்கே நியாயமான ஒரு தடை எழும். "பத்து வெள்ளி கொடுக்க வல்லவனுக்குப் பங்கு உண்டு; அதுவும் இல்லாதவன் என் செய்வான்? அவனுக்கு உபகாரந்தானே கதி?" என்று கேட்பர். இதற்கு விடை காணாமல் நமது கொள்கை நிலைபெறாது.

கொடுக்க இயலாதவன் என்று நாம் கருதுகின்றவன் உண்மையில் எதுவும் கொடாதவனோ? 1957இல் மலாயா விடுதலை பெற்ற பின்னரும் குடியுரிமைப் பத்திரம் பெறாமலே இருந்துவிட்ட தோட்டத் தொழிலாளர் மிகப் பலர். 1968ஆம் ஆண்டில், குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய அனுமதிச்சீட்டு வேண்டும் எனச் சட்டம் இயற்றப்பட்டது. அதனால் பிழைப்பிழந்த பல்லாயிரவர் கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பினர். காடு வெட்டித் தோட்டமாக்கியதில் அவர்கள் பாகம் இல்லையா? தண்டவாளத்திலும் சாலையிலும் அவர்கள் வியர்வை இல்லையா? காசாகக் கொடுத்ததை மட்டுமே கணக்கில் எழுதுவோமாயின், உழைப்பாகக் கொடுத்தவன் என்றென்றும் கடன்காரனாகவே நிற்பான். ஆதலின் பங்கு என்பது பணம் கட்டிய ரசீதைப் பொறுத்தது மட்டுமன்று. ஒருவன் உழைப்பால் சமூகம் வாழ்ந்ததாயின், அச்சமூகத்தின் பொதுப் பொருளில் அவனுக்கும் அவன் மக்களுக்கும் பாகம் உண்டு.

அப்பத்திரக் குறை இன்றும் முற்றும் தீர்ந்தபாடில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளும், சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையடைந்த பெரியோரும் மலேசியத் தமிழரிடையே இன்னும் உளர். பிறப்பைப் பதியாத குழந்தைக்குப் பள்ளிக்கூடத்து வாயிலும் இடறுகிறது. ஆஸ்பத்திரி வாயிலும் இடறுகிறது. வளர்ந்தபின் வேலையின் வாயிலும் இடறுகிறது. இவர்களுக்கு உதவுவதற்கு அலுவலகங்களும் சங்கங்களும் உள்ளன. இருந்தும் இவர்கள் அங்கே வாராமைக்குக் காரணம் யாது? விண்ணப்பத்தின் மொழி விளங்காது. அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் போனால் ஒரு நாட்கூலி போகும். தாய் தந்தையரின் திருமணம் பதியப்படவில்லை என்பதைப் பிறர்முன் சொல்லக் கூச்சம். இவை எல்லாவற்றிற்கும் மேலாக, "நாம் கேட்கப் போனால் என்ன சொல்வார்களோ" என்னும் அச்சம். உபகாரத்தையே கண்டு பழகிய உள்ளத்தில் விளைந்த அச்சம் இது. தன் பங்கைக் கேட்கப் போகின்றவனுக்கு அவ்வச்சம் வாராது. உதவி இருக்கிறது என்று பலகை எழுதி வைத்துவிட்டு, வருவார் இல்லை என்று அலுத்துக்கொள்வது அறமாகாது. எட்டாத உதவி இல்லாத உதவியே.

இனி, சிங்கப்பூரை நோக்குவோம். சிண்டா என வழங்கும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் 1991இல் தோன்றிற்று. வேலை செய்யும் இந்தியரின் மாதச் சம்பளத்திலிருந்து, வருவாய்க்கேற்பக் கூடியும் குறைந்தும், ஒரு சிறு தொகை அதற்குச் செல்கிறது, விரும்பாதோர் விலகிக்கொள்ளலாம். அலுவலகத்து மேலாளர் கொடுத்ததும் கட்டடம் துப்புரவு செய்யும் அம்மாள் கொடுத்ததும் ஒரே பெட்டியில் விழுகின்றன. எவர் வெள்ளியால் எந்தப் பிள்ளை துணைப்பாடம் படித்தது என்பது எவருக்கும் தெரியாது. அங்ஙனம் தெரியாதிருப்பதே நன்று. தமிழர், மலையாளிகள், சீக்கியர், சிந்திகள் என வேறுபட்டோர் பலர் அவ்வொரு நிதியில் சேர்ந்திருப்பதும் நாம் மகிழத்தக்கதே. ஊரும் சாதியும் பார்த்துச் சங்கம் கூட்டிய பழக்கத்திற்கு இது நல்ல மருந்து.

ஆயினும், "நம்மவர்" என்னும் சொல்லின் எல்லை எங்கே முடிகிறது? 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவியபொழுது சிங்கப்பூரில் மூன்று லட்சத்திற்கு மேற்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதிகளில் இருந்தனர். அவர்கள் வெளியே வாராதபடி கதவுகள் அடைபட்டன. அவர்களுள் தமிழ்நாட்டவர் பலர், வங்காளதேசத்தவரும் பலர். வேலை அனுமதிச்சீட்டில் வந்த அவர்கள் மேற்சொன்ன நிதியில் சேர்ந்தவரல்லர். இதனை அந்நிதியின் குற்றம் என்று நாம் கூறவில்லை. எந்த நிதிக்கும் ஓர் எல்லை வேண்டும். ஆனால், நிதிக்கு எல்லை உண்டு என்பதற்காக நம் நெஞ்சுக்கும் அதே எல்லையை இடுதல் முறையா? லயத்துக் கூரையின்கீழ், கடல் கடந்து வந்த கூலி என்று ஒதுக்கப்பட்டவர் நம் பாட்டன்மார். அவர்கள் நின்ற அதே இடத்தில் இன்று வேறொருவன் நிற்கிறான். அவன் பேசும் மொழி தமிழாயினும் வங்காளியாயினும், அவன் கட்டிய வீட்டில் நாம் குடியிருக்கிறோம். அவனும் பங்குடையவனே.

உபகாரமே கூடாது என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ளற்க. வெள்ளம் புகுந்த வீட்டிற்கு உடனே அரிசி வேண்டும். அப்பொழுது தத்துவம் பேசிக்கொண்டிருப்பவன் மூடன். ஆனால், கொடுத்த அரிசிக்கு மாலையும் மேடையும் கேட்பவன், பெற்றவனிடமிருந்து அரிசியினும் பெரியதொன்றைப் பறித்துக்கொள்கிறான்.

நகரத்துத் தமிழர் செய்யத்தக்கது மிகப் பெரியதன்று. எழுதப் படிக்க வல்லவர் ஞாயிறு தோறும் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, அருகிலுள்ள குடியிருப்புக்குச் சென்று, பத்திரம் இல்லாதவன் பக்கத்தில் அமர்ந்து விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கலாம். அவனோடு அலுவலகம் வரை நடக்கலாம். தோட்டத்துத் தோழர்கள் தாம் பணம் கட்டும் சங்கத்தின் பொதுக்கூட்டத்திற்குத் தவறாது சென்று, கணக்கைக் கேட்டு அறியலாம். கொடுப்பவன் தன் கடனைச் செலுத்துகிறேன் என்றும், பெறுபவன் என் பங்கைப் பெறுகிறேன் என்றும் எண்ணும் நாளில், இருவரும் நிமிர்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கக் கூடும். அந்நாளை விரைவில் கொணர்தல் நம் அனைவரின் பொறுப்பாகும்.