எதற்கு நன்றி, எதற்கு இல்லை

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் காலாப்பட்டு வரும். பல்கலைக்கழகம், மத்திய சிறை, மீனவக் கிராமங்கள் எல்லாம் அடுத்தடுத்து அமைந்த ஊர். அதன் கணபதிசெட்டிகுளத்தில் பிம்ஸ் மருத்துவமனை இருக்கிறது. மலங்கரா ஆர்த்தடாக்ஸ் சபையார் தொடங்கிய மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் நடத்தும் நிறுவனம் அது. நகரத்தை ஒட்டிய கோரிமேட்டில் ஜிப்மர். அங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு விழுப்புரம், கடலூர் பக்கத்திலிருந்தும் விடியுமுன் பஸ் ஏறி வருகிறார்கள். இந்த மருத்துவமனைகளின் வராந்தாக்களில் கணவனோ மனைவியோ ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே கீமோ ஏறிக்கொண்டிருக்கும் மற்றவருக்காகக் காத்திருப்பது அன்றாடக் காட்சி. அப்படிக் காத்திருப்பவர் கிறிஸ்தவராக இருந்தால் அவர் மீது இன்னொரு எதிர்பார்ப்பும் விழுகிறது. கத்தோலிக்கர் நன்றித் திருப்பலிக்குச் சொல்லிவைப்பார், மற்றச் சபையார் ஸ்தோத்திரம் சொல்வார். எல்லாச் சூழலிலும் நன்றி சொல்லப் பவுல் அடிகளார் தெசலோனிக்கேயருக்கு எழுதியது இரு சாராருக்கும் மனப்பாடம்.

இங்கேதான் கேள்வி எழுகிறது. வாழ்க்கைத் துணைக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று தெரிந்த பிறகு கடவுளுக்கு நன்றி சொல்வது அறமா, அல்லது துன்பப்படுகிறவருக்குச் செய்யும் துரோகமா? நன்றி வாயில் வராமல் போனால் அது விசுவாசக் குறைவா? அவர்கள் நன்றி சொல்ல வேண்டும் என்று கேட்க மற்றவர்களுக்கு உரிமை உண்டா?

நன்றியின் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் பார்க்க வேண்டும், ஏனெனில் அது வலுவானது. கடும் நோய் ஒரு வீட்டுக்குள் வந்தால் வீடு முழுவதையும் தன் பெயரால் நிரப்பிவிடும். பேச்செல்லாம் ரிப்போர்ட், ஸ்டேஜ், அடுத்த சைக்கிள், கரண்ட் வைக்க வேண்டிய தேதி. முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனிதர் சில வாரங்களில் ‘கேஸ்’ ஆகிவிடுகிறார். அந்த நிலையில், இன்று இரண்டு இட்லி சாப்பிட முடிந்தது, நர்ஸ் முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிட்டார், பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்தார் என்று எண்ணிப் பார்த்து நன்றி சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. உண்மையில் நடந்த நன்மையை நோய் மறைத்துவிடாமல் காக்கிறார். துயரம் கண்ணுக்குத் தெரியும் எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கும். நன்றி அதற்கு இடங்கொடுக்க மறுக்கிறது. அந்த மறுப்பில் துணிவு இருக்கிறது.

எதிர்ப்பக்க நியாயமும் அற்பமானதல்ல. வலியில் துடிப்பவர் ஒருவர். நன்றி சொல்கிறவர் பெரும்பாலும் வேறொருவர். கட்டி வளர்வது மனைவியின் உடலில் என்றால், ‘எல்லாம் நன்மைக்கே’ என்று கணவன் சொல்வதற்கு அவன் உடல் எந்த விலையும் கொடுப்பதில்லை. பிறர் வலியின் மேல் நின்று செலுத்தும் நன்றி அவர் வலியைச் சிறிதாக்கிவிடும். அதைவிட மோசம், அவர் இனிமேல் அழுவதையே குற்றமாக்கிவிடும். கூட்டத்தில் கணவன் எழுந்து சாட்சி சொல்லிவிட்டால், அன்றிரவு மனைவி வலிக்கிறது என்று சொல்வது அந்தச் சாட்சியைப் பொய்யாக்குவது போல் ஆகிவிடுகிறது. அவள் வாயை மூடிக்கொள்கிறாள்.

இரண்டு நியாயங்களுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல வெளியே தேட வேண்டியதில்லை. நற்செய்தி நூல்களே ஓர் இரவைக் காட்டுகின்றன. இயேசு தம் கடைசி உணவின்போது அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தினார். அதே இரவில், சில மணி நேரத்துக்குள், கெத்சமனித் தோட்டத்தில் வரவிருந்த பாடு தம்மை விட்டு நீங்க வேண்டும் என்று மன்றாடினார். மறுநாள் சிலுவையில் ‘ஏன் கைவிட்டீர்’ என்ற கேள்வியோடு கதறினார். சிலுவையில் அவர் நன்றி சொன்னதாக நான்கு நற்செய்தியாளர்களில் ஒருவரும் எழுதவில்லை. உணவுக்கு நன்றி சொன்னவர், ஆணிகளுக்கு நன்றி சொல்லவில்லை. கிறிஸ்தவ நன்றியின் எல்லை இங்கே தெளிவாகவே வரையப்பட்டிருக்கிறது. நோயின் நடுவே கிடைக்கும் நன்மைக்கு நன்றி சொல்லலாம். நோய்க்கே நன்றி சொல்ல எவரும் கடமைப்பட்டவரல்லர்.

திருப்பாடல்களும் இதையே காட்டுகின்றன. 150 பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல். அவற்றில் பெரும்பாலானவை முறையீட்டில் தொடங்கிப் புகழ்ச்சியில் முடியும். 88ஆம் பாடலோ இருளிலேயே முடிகிறது. ஒரு வரி ஆறுதல்கூட இல்லை. அதை எடுத்துவிடாமல் யூதரும் கிறிஸ்தவரும் இத்தனை நூற்றாண்டுகளாக ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள். அப்படியானால் நன்றியில் முடியாத ஜெபமும் ஜெபமே. யோபுவின் கதையிலும் கடவுள் இறுதியில் கண்டிப்பது முறையிட்ட யோபுவை அல்ல. கடவுளுக்காக வாதாடுவதாக நினைத்துக்கொண்டு நோயாளியின் மேல் குற்றம் தேடிய நண்பர்களைத்தான்.

வேதத்தில் மோசமான நன்றிக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு என்பதைச் சபைகள் எளிதில் மறந்துவிடுகின்றன. லூக்கா 18ஆம் அதிகாரத்தில் பரிசேயர் செய்யும் ஜெபம் நன்றியில்தான் தொடங்குகிறது: பிறரைப் போல் தாம் இல்லாததற்கு நன்றி. புற்றுநோய் வார்டில் இந்த நன்றிக்கு ஓயாத சோதனை உண்டு. ‘பக்கத்து பெட்காரருக்குப் பரவிவிட்டதாம், கர்த்தர் நம்மைக் காத்தார்’ என்று மெல்லச் சொல்வது இயல்பாகவே வந்துவிடும். ஆனால் பக்கத்து பெட்காரரின் மனைவியும் அதே கடவுளிடம்தான் அழுதாள், அல்லது அவள் அறிந்த பெயரில் அழுதாள். புதுச்சேரியில் 2011 கணக்கெடுப்பின்படி கிறிஸ்தவர்கள் 6 விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான். ஆகவே வார்டில் அருகே படுத்திருப்பவர் பெரும்பாலும் வேறு சமயத்தார். தன் துணைக்குக் கிடைத்ததைத் தன் விசுவாசத்தின் கூலியாக எண்ணி நன்றி சொன்னால், அடுத்தவரின் இழப்பு அவருடைய அவிசுவாசத்தின் தண்டனை என்று சொல்லாமல் சொன்னதாகும். பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி ‘யார் செய்த பாவம்’ என்று சீடர்கள் கேட்டபோது இயேசு அந்தக் கணக்கையே ஏற்க மறுத்தார். அவர் மறுத்த கணக்கை நன்றி என்ற பெயரில் திரும்ப எழுதக் கூடாது.

வேளாங்கண்ணியில் குணம் பெற்றவர்கள் செலுத்திய வெள்ளி, தங்க உருவங்களும் கடிதங்களும் காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் பின்னே உள்ள மனிதர்களின் நன்றி உண்மையானது. ஆனால் அதே கடற்கரையில் அதே கண்ணீரோடு முழங்காலில் நடந்து, பிறகு துணையை அடக்கம் செய்தவர்களின் காணிக்கைக்கு அங்கே அலமாரி இல்லை. புதுச்சேரிக்காரர்கள் தேடிப்போகும் வில்லியனூர் லூர்து மாதா ஆலயத்துக்குப் பெயர் தந்த பிரான்ஸ் நாட்டு லூர்து நகரை எடுத்துக்கொண்டாலும், 1858க்குப் பிறகு பதிவான ஆயிரக்கணக்கான குணங்களில் திருச்சபை புதுமை என்று ஏற்றவை எழுபதை ஒட்டியவைதான். அவ்வளவு தயங்கியே திருச்சபை அந்தச் சொல்லைச் சொல்கிறது. தனிமனிதர்களும் அவசரப்படாதிருப்பது நல்லது. குணமானால் மட்டுமே நன்றிக்கு இடம் என்றால், குணமாகாத வீட்டாருக்குக் கடவுளிடம் பேச ஒன்றுமே மிஞ்சாது.

குணமாகாத வீட்டில் நன்றி எப்படி நடந்தது என்பதற்கு பிரிட்டிஷ் எழுத்தாளர் சி. எஸ். லூயிஸின் வாழ்வு நல்ல சான்று. 1956இல் அவர் மனைவி ஜாய் டேவிட்மனின் தொடை எலும்பு முறிந்தபோதுதான் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருப்பது தெரிந்தது. 1957 மார்ச் மாதம் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவமனைப் படுக்கையருகே ஒரு குரு அவர்களுக்குச் சமய முறைப்படி திருமணச் சடங்கை நடத்தி, ஜாய்க்காக ஜெபித்தார். நோய் பின்வாங்கியது, அவர் மறுபடி நடந்தார். அந்த நாள்களில் லூயிஸுக்கு நன்றி எளிதாக வந்தது. நோய் திரும்பியது, 1960 ஜூலை 13இல் ஜாய் இறந்தார். மறு ஆண்டு லூயிஸ் வேறு பெயரில் வெளியிட்ட துயரக் குறிப்புகளில் கடவுள் மீதான கோபம் மறைக்கப்படவே இல்லை. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு வலி ஏன் என்று நிதானமாக விளக்கிப் புத்தகம் எழுதியவர் அவர். சொந்த வீட்டில் வலி வந்தபோது அந்த விளக்கங்களில் ஒளிந்துகொள்ளவில்லை. குறிப்புகளின் பிற்பகுதியில், துக்கத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்ததை உணர்ந்து, அவளையும் அவளைத் தந்தவரையும் புகழ்வதன் பக்கம் மெல்லத் திரும்புகிறார். யாரும் கேட்டு வந்த புகழ்ச்சி அல்ல அது. கோபத்தைச் சொல்ல இடம் இருந்ததால்தான் அதற்கும் இடம் பிறந்தது.

இதிலிருந்து கிடைக்கும் அளவுகோல் எளியது: அந்த வீட்டில் சொல்லப்படும் நன்றி நோயாளியின் சுமையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா? இந்த அளவுகோலால் சில வழக்கங்களை அளந்து பார்க்கலாம்.

முதலாவது, உண்மையை மறைப்பது. ‘அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்’ என்று கேட்பது நம் வீடுகளின் பழக்கம். பாசத்தில் பிறந்த பழக்கம். ஆனால் தனக்கு என்ன நோய் என்றே தெரியாதவரின் பெயர் ஜெபக் குறிப்பில் ஊர் முழுக்கப் போகிறது. அவரைச் சுற்றி நின்று எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்கிறார்கள். அவர் எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று அவரிடமே கேட்டு, அந்த அளவுக்குச் சொல்வதுதான் மரியாதை. அவருடைய உடலைப் பற்றிய நன்றியில் முதல் உரிமை அவருக்கு.

இரண்டாவது, வலியைப் புனிதமாக்குவது. வலியைச் சிலுவையாக ஏற்று நன்றி சொல்ல வேண்டும், மார்ஃபின் வேண்டாம் என்று நினைக்கும் பக்தர்கள் இன்றும் உண்டு. திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1957 பிப்ரவரியில் மயக்கவியல் மருத்துவர்களிடம் பேசும்போது, வேறு வழியில்லாத நிலையில் வலி நீக்கும் மருந்து ஆயுளைச் சற்றுக் குறைக்கக் கூடியதானாலும் அதை ஏற்பது தவறல்ல என்று தெளிவாக்கினார். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மார்ஃபினை மருத்துவமனைகளுக்கே எளிதில் எட்டாததாக்கியது; 2014 திருத்தம் வழியைச் சற்றுத் திறந்தது. திறந்த கதவைப் பக்தி மூடக் கூடாது. ஒருவர் தாமே விரும்பித் தம் வலியைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்கலாம். அவர் சார்பில் பக்கத்தில் இருப்பவர் ஒப்புக்கொடுக்க முடியாது.

மூன்றாவது, பெண்ணிடம் கேட்கப்படும் நன்றி. அமெரிக்காவில் மூளைக்கட்டி, பிற புற்றுநோய், நரம்புநோய் கண்ட 515 பேரைத் தொடர்ந்து பார்த்து 2009இல் வெளியான ஆய்வில், நோயாளி பெண்ணாக இருந்த மணவாழ்வுகளில் சுமார் 21 விழுக்காடு முறிந்தது. ஆணாக இருந்தவற்றில் 3 விழுக்காடு. அந்த எண்களை அப்படியே நம் ஊருக்குப் பெயர்க்க முடியாது. ஆனால் மார்பகம் நீக்கப்பட்ட பெண்ணிடம் ‘உன் வீட்டுக்காரர் விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்கிறாரே, அதற்கே ஆண்டவருக்கு நன்றி சொல்லு’ என்று சொல்வது நமக்குப் பழகிய குரல். கணவனுக்கு நோய் வந்தால் மனைவி செய்யும் பணிவிடைக்கு இப்படி யாரும் கடவுளுக்கு நன்றி சொல்வதில்லை. அது அவள் கடமை. ஒருவரின் பணிவிடை அருள், மற்றவரின் பணிவிடை கடமை என்று வைத்திருக்கும் நன்றி நேர்மையற்றது. திருமண வாக்குறுதி உடல்நலத்திலும் நோயிலும் என்று இருவர் வாயிலும் ஒரே சொற்களாகவே வைக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் கழித்த பிறகும் நன்றிக்கு ஒரு பெரிய இடம் மிஞ்சுகிறது. அது நோயுற்றவரை நோக்கிச் சொல்லும் நன்றி. கடவுளுக்கு நாள்தோறும் நன்றி சொல்லும் பல வீடுகளில், கணவனுக்கு மனைவியும் மனைவிக்குக் கணவனும் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. நமக்கு அந்தப் பழக்கம் குறைவு. இறுதிச் சடங்கில் பேசுவோம். படுக்கையில் இருப்பவர் தன்னைப் பாரமாக எண்ணத் தொடங்கியிருக்கிறார். மருந்துச் செலவும் மற்றவர் விழித்த இரவுகளும் அவருக்குக் கணக்காகத் தெரிகின்றன. அந்த நேரத்தில், அவர் வளர்த்த பிள்ளைகளையும், கடன் அடைத்த வருஷங்களையும், சண்டைக்குப் பிறகு அவரே முதலில் பேசிய நாள்களையும் பெயர் சொல்லி நன்றி கூறுவது அவர் கணக்கைத் திருத்துகிறது. அவர் பெற்றுக்கொள்கிறவர் மட்டுமல்ல, கொடுத்தவர் என்பதை அவர் காதுபட நிலைநாட்டுகிறது. கடவுளிடம் சொல்லும் நன்றி இந்த நன்றியின் மேல் நின்றால் உறுதியாக நிற்கும். இது இல்லாமல் நின்றால் வெறும் சொல்.

சபைக்கும் ஒரு கடமை உண்டு. சிகிச்சை நடுவில் இருக்கும் குடும்பத்திடம் சாட்சி கேட்பதை நிறுத்தி, இரத்தம் கொடுக்க, இரவில் மாற்றி உட்கார, ஜிப்மருக்குக் கூட்டிப்போக யார் வருகிறார்கள் என்று கேட்க வேண்டும். நன்றி சொல்வதற்கான காரணங்களை அந்த வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதே சபையின் வேலை. அவற்றைக் கண்டு அந்த வீட்டார் நன்றி சொன்னால் அது அவர்களுடையது. சொல்ல வராத காலத்தில், வாராவாரம் ஒன்றாக நின்று ஜெபிக்கும் மற்றவர்கள் அவர்களுக்காகவும் சேர்த்துச் சொல்லலாம். ஒரே குரலில் ஜெபிப்பதன் பொருள் அதுதான். கடைசிவரை வராமலே போனாலும், பக்கத்தில் இருந்து கை விடாமல் பார்த்துக்கொண்டவர் கடவுளுக்குக் கடன்பட்டவராக ஆவதில்லை. அவர் செய்த பணிவிடையைவிட உயர்ந்த ஸ்தோத்திரம் எந்த உதட்டிலும் இல்லை.