வழக்கறிஞர் அமைச்சரான பின்

அமைச்சரவை எடுத்த முடிவை ஓர் அமைச்சரின் மனம் ஏற்கவில்லை. அவர் என்ன செய்ய வேண்டும்? பதவியில் நீடித்து அந்த முடிவுக்காக வாதாடலாம்; வெளியே வந்து காரணத்தை ஊரறியச் சொல்லலாம். கனடாவின் வடகோடியில், ஆர்க்டிக் நிலப்பரப்பான நுனாவுட்டில், 2016 மார்ச்சில் இந்தக் கேள்வி பால் ஒகாலிக் என்ற அமைச்சரின் முன் வந்து நின்றது. தலைநகர் இக்காலுயிட்டில் பீரும் ஒயினும் விற்கும் கடையை அரசே திறப்பது என்று முடிவாகியிருந்தது. ஒகாலிக் பதவி விலகினார். குடிநோயிலிருந்து மீள விரும்புவோர் தங்கிச் சிகிச்சை பெற நுனாவுட் முழுவதிலும் ஒரு மையம்கூட இல்லாத நிலையில், கடை திறப்பதற்குத் தம் மனச்சான்று இடம் தரவில்லை என்பதே அவர் சொன்ன காரணம்.

அவர் செய்தது சரி. அமைச்சரவையின் கூட்டுப்பொறுப்பு பெரிது. மனச்சான்று அதனினும் பெரிது. அதிலும், அந்த அமைச்சர் ஒரு வழக்கறிஞர் என்றால், விலக வேண்டிய கடமை அவருக்கு மற்றவரைவிடக் கூடுதலாகவே உண்டு.

இந்த மனிதர் யார் என்று தெரிந்தால்தான் அந்த விலகலின் எடை புரியும். 1964இல் பாங்னிர்டுங் என்ற சிற்றூரில், பத்துப் பிள்ளைகள் கொண்ட இனுயிட் பழங்குடிக் குடும்பத்தில் கடைக்குட்டியாகப் பிறந்தவர் ஒகாலிக். இளமையில் பள்ளியை இழந்தார். குடி அவரைப் பிடித்தது. சட்டத்தின் தண்டனையையும் கண்டார். அங்கிருந்து எழுந்து, இனுயிட் மக்களின் நில உரிமைக்காகக் கனடா அரசோடு பேச்சு நடத்திய அமைப்பில் பணியாற்றினார். 1993இல் கையெழுத்தான அந்த நில உரிமை ஒப்பந்தமே நுனாவுட் பிறக்க வழிவகுத்தது. பிறகு ஒட்டாவாவில் சட்டம் படித்து, 1999இல் நுனாவுட்டின் முதல் இனுயிட் வழக்கறிஞரானார். அதே ஆண்டு ஏப்ரல் 1 அன்று நுனாவுட் தனி ஆட்சிப்பகுதியாகப் பிறந்தபோது அதன் முதல் முதல்வரும் அவரே. 2008 வரை அப்பதவியில் இருந்தார்.

ஒரு மக்கள் கூட்டத்திலிருந்து எழுந்த முதல் வழக்கறிஞர் என்பது சாதாரணச் செய்தி அன்று. நீதிமன்றம், சட்டம், தண்டனை எல்லாம் தெற்கிலிருந்து விமானமேறி வந்து இறங்கிய மண் அது. நீதிபதி வருவார், மொழிபெயர்ப்பாளர் வழியே வழக்கைக் கேட்பார், தீர்ப்புச் சொல்லிப் போய்விடுவார். 2005இல் ஆக்கிட்சிராக் சட்டப் பள்ளியிலிருந்து 11 பேர் பட்டம் பெற்று வெளிவரும் வரை அங்கே இனுயிட் வழக்கறிஞர் என்றால் அநேகமாக ஒகாலிக் ஒருவர்தான். அப்படிப்பட்டவர் சட்டமன்றத்தில் எழுந்து ஒன்றைச் சரி என்றால், சட்டம் தெரிந்த நம் பிள்ளை சொல்கிறான் என்று மக்கள் நம்புவார்கள். தாமே நம்பாத ஒன்றுக்கு அந்த நம்பிக்கையைச் செலவழிக்க அவருக்கு உரிமை உண்டா?

வழக்கறிஞர் தொழிலுக்கு ஓர் அறம் உண்டு. தம் கட்சிக்காரரின் தரப்பை, தம் சொந்தக் கருத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, முழு வலிமையோடு எடுத்துரைப்பதே அது. அதில் பொய்மை இல்லை. எதிரே இன்னொரு வழக்கறிஞர் இருக்கிறார்; நடுவே நீதிபதி இருக்கிறார்; இவர் ஒரு தரப்புக்காகப் பேசுகிறார் என்பது மன்றத்தில் உள்ள எல்லோருக்கும் தெரியும். அந்த அறத்துக்கும் வரம்பு உண்டு. பொய்ச் சாட்சி என்று தெரிந்தே ஒருவரைக் கூண்டில் ஏற்றக் கூடாது. நீதிமன்றத்தை ஏமாற்றக் கூடாது. அந்த வழியில்தான் வழக்கை நடத்த வேண்டும் என்று கட்சிக்காரர் வற்புறுத்தினால் வக்காலத்திலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். வாடகைக்கு நா கொடுக்கும் தொழில் என்று பழிக்கப்படுகிற வக்கீல் தொழிலிலேயே இவ்வளவு வரம்பு இருக்கிறது.

அமைச்சர் பதவி அப்படிப்பட்டது அன்று. அமைச்சர் பேசும்போது, அவர் உண்மையாகவே நம்புவதைத்தான் சொல்கிறார் என்று மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அமைச்சரவையைத் தம் கட்சிக்காரராகவும், சட்டமன்றத்தை நீதிமன்றமாகவும், மக்களை வெறும் பார்வையாளராகவும் ஒருவர் எண்ணத் தொடங்கினால், அந்த நொடியே அவர் அமைச்சர் அல்லர். வழக்கறிஞர்கள் அரசியலுக்கு வரும்போது உள்ள பேராபத்து இதுவே. எந்தப் பக்கத்தையும் வாதிடப் பழகிய நாக்கு, மனச்சான்று விழித்தெழும் முன்பே ஒரு நல்ல வாதத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். சொல்வன்மை இல்லாதவர் தாம் நம்பாததைப் பேசும்போது தடுமாறுவார். அந்தத் தடுமாற்றமே அவரைக் காப்பாற்றும். சொல்வல்லவருக்கு அந்தக் காவலும் இல்லை.

வள்ளுவர் அமைச்சு அதிகாரத்தில் சொல்லும் கடமையை நினைத்துப் பார்க்க வேண்டும். அரசன் தானும் அறியாமல், அறிந்தவர் சொல்லையும் தள்ளுபவனாக இருந்தாலும், அவனுக்கு உறுதியானதை எடுத்துச் சொல்வது அருகிருக்கும் அமைச்சனின் கடன் என்கிறார். இடித்துரைப்பவர் இல்லாத மன்னன், கெடுப்பவர் இல்லாமலே கெடுவான் என்றும் எச்சரிக்கிறார். வினைத்தூய்மையில் இன்னும் கடுமை: பெற்ற தாயின் பசியைக் காண நேர்ந்தாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்பது அவர் ஆணை. தாயின் பசிக்கே விலக்கு இல்லை என்றால், அமைச்சரவையின் ஒற்றுமைக்கு விலக்கு எங்கிருந்து வரும்? நெஞ்சறிந்து பொய் சொன்னால் அந்த நெஞ்சே சுடும் என்றவரும் அவரே. கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தவரும் அவரே.

சங்கச் சான்றோர் இதை வாழ்ந்து காட்டினார்கள். வரி வாங்கும் முறை பிழைத்தபோது பாண்டியன் அறிவுடை நம்பியின் அவைக்கு நேரே போய், யானை தானே வயலில் புகுந்தால் தின்பதைவிட மிதித்து அழிப்பது மிகுதி என்று பிசிராந்தையார் உரைத்தார். மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடவிருந்த கிள்ளிவளவனின் எதிரே நின்று கோவூர் கிழார் வாதாடினார். தாம் நம்பியதற்காக மட்டுமே அவர்கள் வாதாடினார்கள்; பரிசில் தந்த கைக்கு அஞ்சவில்லை. சிலம்பு காட்டும் பாண்டிய அவையிலோ, விசாரணை இன்றி ஒருவனைக் கொல்ல ஆணை பிறந்தபோது பொறு என்று சொல்ல ஒருவரும் இல்லை. விளைவு, மன்னன் மாண்டான், மதுரை எரிந்தது.

பாரதத்தில் துரியோதனன் அவை இன்னும் கூர்மையான பாடம். திரௌபதியை இழுத்து வந்தபோது வீட்டுமர் தருமத்தின் நுட்பத்தைப் பற்றிப் பேசினார், அறத்தை நிலைநாட்டவில்லை. நூல்கள் அனைத்தும் கற்றவர், வாதத்தில் மறைந்துகொண்டார். இளையவனான விகர்ணன் துணிந்து எழுந்து இது முறையன்று என்றான். ஆனால் துரியோதனன் படையிலேயே நின்று மடிந்தான். விதுரர் ஒருவர்தான் சொல்லையும் செயலையும் இணைத்தார். தூது வந்த கண்ணனுக்கு விருந்தளித்ததற்காக அவையில் இழிவுபட்டபோது, தம் வில்லை முறித்து பாரதப் போரிலிருந்தே விலகியதை வில்லிபாரதம் சொல்கிறது. வீட்டுமரின் மழுப்பல், விகர்ணனின் பேச்சு, விதுரரின் விலகல் ஆகிய மூன்றில் அமைச்சருக்கு உரியது மூன்றாவதே.

மேற்கிலும் ஒரு சான்று உண்டு. இங்கிலாந்தின் தாமஸ் மோர் பெரும் வழக்கறிஞர். எட்டாம் ஹென்றியின் தலைமை அமைச்சர்களில் ஒருவர். மன்னன் திருச்சபையைத் தன் காலடியில் கொண்டுவந்தபோது 1532இல் பதவியைத் துறந்தார். 1535இல் தலையை இழந்தார். அவர் விலகினார், ஆனால் காரணத்தைச் சொல்லாமல் மௌனம் காத்தார். சொன்னால் உயிர் போகும் காலம் அது. இன்றைய மக்களாட்சியில் அந்தச் சாக்கு யாருக்கும் இல்லை. உடல்நலம் சரியில்லை, குடும்பத்தோடு நேரம் செலவிட வேண்டும் என்று பூசி மெழுகி விலகுவது பாதி அறம்தான். எதனால் விலகுகிறேன் என்று சொல்லி விலகுவதே முழு அறம். ஒகாலிக் சொல்லிவிட்டே விலகினார். 2019இல் கனடாவின் கூட்டாட்சி அமைச்சர் ஜோடி வில்சன்-ரேபோல்ட், அவரும் பழங்குடி வழக்கறிஞரே, ஒரு பெருநிறுவனத்தின் மீதான குற்ற வழக்கில் பிரதமர் தரப்பு கொடுத்த அழுத்தத்துக்கு வளையாமல் நின்று, பின்னர் அமைச்சரவையிலிருந்து வெளியேறி, நாடாளுமன்றக் குழு முன் நடந்ததைச் சொன்னதும் இதே வரிசையில் சேரும்.

எதிர்த் தரப்பிலும் நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. நுனாவுட் சட்டமன்றத்தில் கட்சிகள் கிடையாது. உறுப்பினர்கள் கூடி மறைவாக்கில் முதல்வரையும் அமைச்சர்களையும் தேர்ந்தெடுக்கிறார்கள். கலந்துபேசி ஒருமித்து முடிவெடுப்பது இனுயிட் மரபின் உயிர்நாடி. ஆயிகாதிகீன்னிக் என்று அதற்குப் பெயரிட்டு அரசின் நெறிகளுள் ஒன்றாகவே வைத்திருக்கிறார்கள். மேலும், 2015இல் இக்காலுயிட் மக்களே வாக்கெடுப்பில் கடைக்கு இசைவு தந்திருந்தனர். கள்ளச் சந்தையில் விற்கும் ஓட்காவைவிடக் கடையில் விற்கும் பீர் தீங்கு குறைந்தது என்ற வாதமும் இருந்தது. செஞ்சோற்றுக் கடனுக்காக அண்ணனோடு நின்று மாண்ட கும்பகருணனை யாரும் இகழ்வதில்லை.

ஆனால் கும்பகருணனுக்காகக் கண்ணீர் விடும் கம்பரே, அறத்தின் பக்கம் வீடணனைத்தான் நிறுத்துகிறார். ஒருமித்து முடிவெடுக்கும் மரபு, முடிவெடுக்கும் முன் ஒவ்வொரு குரலையும் கேட்கச் சொல்கிறதே தவிர, ஏற்காதவரைப் பொய்யாகத் தலையாட்டச் சொல்லவில்லை. அதே இனுயிட் நெறிகளில் பிஜிட்சிர்னிக் என்ற இன்னொன்றும் இருக்கிறது: குடும்பத்துக்கும் ஊருக்கும் தொண்டு செய்வது. தொண்டு செய்ய வந்தவர் எளியோரின் துயரை எண்ணாமல் இருக்க முடியாது. நுனாவுட்டில் தற்கொலைகள் குறித்த 2015 விசாரணைக்குப் பின் அவற்றை ஒரு நெருக்கடி என்று அப்போதைய முதல்வர் பீட்டர் டாப்டுனா அறிவித்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஏறத்தாழ 20 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் 25 ஊர்கள். ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் சாலை இல்லை. குடியிலிருந்து மீள நினைத்தவர் தங்கிச் சிகிச்சை பெறத் தெற்கே பறக்க வேண்டியிருந்தது. தம் மொழியும் தம் உணவும் தம் உறவும் இல்லாத இடத்தில் தனித்துக் கிடக்க வேண்டியிருந்தது. அந்த நிலையில் மருந்துக்கு முன் மதுவைத் திறப்பது வரிசை தவறிய செயல். பெரும்பான்மை வாக்கு அந்த வரிசையைத் திருத்திவிடாது.

அந்த ஆட்சிமுறையின் அமைப்பே விலகியவருக்குத் துணை நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே அமைச்சர்களைவிட அமைச்சரல்லாத உறுப்பினர்களே எண்ணிக்கையில் மிகுதி. அமைச்சரவையை விட்டு வெளியே வருபவர் வனவாசம் போவதில்லை. அரசைக் கேள்வி கேட்கும் பெரிய அணியில் அமர்கிறார். உள்ளே இருந்தால்தான் நல்லது செய்ய முடியும் என்ற வாதம், எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் பதவியை விட மனமில்லாதோர் பற்றிக்கொள்ளும் ஊன்றுகோல். உள்ளே இருந்து வாய் திறக்க முடியாதவர் செய்யும் நன்மையைவிட, வெளியே நின்று உண்மை பேசுபவர் செய்யும் நன்மையே நிலைக்கும்.

ஒகாலிக் குறையில்லாத மனிதர் அல்லர். 2007இல் ஒரு பெண் நிர்வாகியைக் குறித்து இழிசொல் உதிர்த்து, பொதுவில் மன்னிப்புக் கேட்க நேர்ந்தவர். ஓர் அறச்செயல் ஒருவரின் பிற பிழைகளைக் கழுவிவிடாது. பிற பிழைகள் அந்த அறச்செயலைப் பொய்யாக்குவதும் இல்லை. அவருடைய விலகலால் கடை நின்றுவிடவுமில்லை, 2017இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்றார். சிகிச்சை மையத்துக்கான உடன்பாடு 2019இல்தான் வந்தது. கட்டும் பணி அதற்கும் பின்னர்தான் தொடங்கியது. பலனை வைத்துத் தீர்ப்பளிப்போர் இதைத் தோல்வி என்பார்கள். அறத்தை வைத்துத் தீர்ப்பளிப்போர் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கடைக்கு முன் சிகிச்சை வேண்டும் என்று 2016இல் ஒருவர் பதவியைக் கொடுத்துச் சொன்னார். பின்னர் அரசே அந்த மையத்தைத் தேவை என்று ஏற்றது.

ஆகவே, சட்டம் படித்துப் பொதுவாழ்வுக்கு வரும் ஒவ்வொருவரும் பதவி ஏற்கும் நாளிலேயே ஒன்றைத் தெளிந்துகொள்ள வேண்டும். கற்ற வாதத்திறன் மக்களின் சொத்து. அதை அமைச்சரவைக்கு வக்காலத்தாக எழுதிக் கொடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. முடிவெடுக்கும் அறையில் முழு மூச்சோடு வாதாடுங்கள். தோற்றால், அந்த முடிவோடு வாழ முடியுமா என்று நெஞ்சைக் கேளுங்கள். சிறிய வேறுபாடு என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். கூட்டுப்பொறுப்புள்ள ஆட்சி அப்படித்தான் நடக்கும். எளியோரின் உயிரைத் தொடும் வேறுபாடு என்றால், விலகுங்கள். காரணத்தைச் சொல்லி விலகுங்கள்.